மாதா என்ன இரும்பா

என் பட்டறையில் மெஷின் ஓடி நின்றால், அடுத்த சத்தம் அடுப்படியிலிருந்துதான் வரும்.

"பத்தும் இருக்கா?"

"இருக்கு."

என் வீட்டுக்காரி கேட்பது விரல் கணக்கு. பதில் வரத் தாமதமானால் அகப்பையோடு வந்து நிற்பாள். அதனால் நான் கையைப் பார்க்காமலே இருக்கு என்று சொல்லப் பழகியிருந்தேன். ஒருநாள் அதையும் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து வாயால் சொன்னால் போதாது. பூசையில் சாமியார் கையை விரிப்பது போல இரண்டு கையையும் விரித்துக் காட்டினால்தான் குழம்பு கொதிக்கும்.

நான் கடலில் கிடந்தவன். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கரையேறி, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, மரவேலையில் இறங்கினேன். சொந்த வள்ளத்தைப் பழுதுபார்த்த கை, கதவு ஜன்னல் செய்யாதா என்ற தைரியம்தான். கை செய்தது. ஆனால் பலகைகளை எல்லாம் ஒரே கனத்துக்கு இழைத்து எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்று விழும் போல ஆகிவிடும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பெரியபட்டினத்து மச்சான் தன் பழைய திக்னஸ் மெஷினை எனக்குக் கொடுக்க மனசு வைத்தார்.

மச்சான் என்றால் சொந்த மச்சான் இல்லை. அவர்கள் வீட்டில் எங்களிடம் மீன் எடுத்த காலத்திலிருந்து பழக்கம். அவர் இப்போது மரக்கடை வைத்திருக்கிறார். அவர் தொழுகிற இடம் வேறு, நான் முட்டி போடுகிற இடம் வேறு. ஆனாலும் என்னை மாப்ளே என்பார், என் வீட்டுக்காரியைத் தங்கச்சி என்பார். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்துகொண்டு என்னை ஒரு வழி பண்ணுவதற்கு அந்த உறவுமுறை ரொம்ப வசதி.

மெஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். பார்க்க ஒரு பெரிய இரும்புப் பெட்டி. இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய். இந்த வாயில் பலகையைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற உருளைகள் அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நடுவில் கத்திகள் சுழன்றபடி மேல்பக்கத்தைச் சீவித் தள்ளும். அந்த வாய் வழியாகப் பலகை தலையிலிருந்து கால்வரை ஒரே கனத்தில் வெளியே வரும். நான் அரை நாளில் செய்வதை அது மூச்சு விடுவதற்குள் செய்தது. எனக்கு அதைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

மச்சான் முதலில் சொன்ன வார்த்தை, "கைலியக் கழட்டு மாப்ள."

என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. சுற்றுகிற உருளைக்குத் துணி கிடைத்தால் துணியோடு நிறுத்தாது, துணிக்குள் இருப்பதையும் சேர்த்துக் கேட்கும் என்றார். தொளதொளச் சட்டை ஆகாது, தோளில் துண்டு ஆகாது. கடலில் வலை இழுக்கப் போடுகிற கையுறை என்னிடம் இருந்தது, அதைப் பெருமையாக எடுத்து மாட்டினேன். அதையும் உருவிப் போட்டார். வெறுங்கை என்றால் சதைக்குப் பயம் இருக்கும், தானாக விலகிக்கொள்ளும். உறைக்குள் இருக்கிற கை தைரியமாகிவிடும், அந்த தைரியம்தான் ஆபத்து என்றார். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி, மூக்குக்குத் துணி. எல்லாம் மாட்டி, பேரன் வயதுப் பையன்கள் பந்து விளையாடப் போடுகிற டவுசரில் நான் வாசலில் வந்து நின்றபோது, எதிர்வீட்டு ஆள் கடலுக்குள் முத்துக் குளிக்கப் போகிறாயா என்று கேட்டார். தெருவில் எனக்கு டவுசர் மாமா என்று பேர் விழுந்தது அன்றைக்குத்தான்.

அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிறவனின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. எஞ்சின் கிளம்பி முதல் சத்தம் கேட்டதும், கை தானாகப் போய் அதைத் தொடும். தொட்ட விரல் உதட்டுக்கு வரும், பிறகு நெற்றி, நெஞ்சு, தோள் என்று சிலுவை போடும். இது நாம் நினைத்துச் செய்வது இல்லை, தும்மல் மாதிரி. அன்று சுவிட்சைப் போட்டு மெஷின் உறுமியதும் எனக்கு அந்தத் தும்மல் வந்துவிட்டது. கை நேராக மெஷின் வாய்க்குப் போனது.

மணிக்கட்டில் சுளீரென்று ஒரு அடி. மச்சான் கையில் இருந்த மர ஸ்கேல். சுவிட்சை அமர்த்திவிட்டு, கத்தி சுத்தமாக நிற்கும்வரை அதையே பார்த்தார். நின்ற பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏன் மாப்ள, தொட்டு முத்துறதுக்கு அது என்ன உங்க மாதாவா?"

"பழக்கம் மச்சான்."

"பழக்கத்த முன்னாடியே முடிச்சிட்டு வா. நானும் பிஸ்மி சொல்லித்தான் சுவிட்சத் தொடுறேன். சொல்லுறதெல்லாம் சுவிட்சுக்கு இங்கிட்டு. அங்கிட்டு கண்ணுக்குத்தான் வேலை, கைக்கு வேலை கெடையாது."

என் வீட்டுக்காரி இதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஜெபம் முதல்ல, சுவிட்சு பெறகு. கொட்டகையில் இது பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளை ஆனது.

கடைசியாக உத்தரியத்தில் வந்து முட்டிக்கொண்டது. சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து என் கழுத்தில் கிடக்கிற கயிறு அது. மாதா படம் தைத்த இரண்டு சின்னத் துணித்துண்டு, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. கழுத்திலிருந்து எதுவும் தொங்கக்கூடாது என்றார் மச்சான். கழற்றினால் இந்த மெஷினே இந்த வீட்டில் இருக்காது என்றாள் தங்கச்சி. நடுவில் நான், கழுத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் உத்தரியத்தைச் சுருட்டி, பனியனுக்கு உள்பக்கம் ஊக்கு போட்டுக் குத்திவிடுவது என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டது. இன்றுவரை காலையில் அவள்தான் குத்திவிடுகிறாள். கோபமாக இருக்கிற அன்றைக்கு ஊக்கு கொஞ்சம் என் மேலேயும் படும்.

மெஷினை மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்தார். தீர்த்தத்தை அவர் ஓங்கியபோது மச்சானே ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார். மோட்டார் பக்கம் மட்டும் வேண்டாம் சாமி, அதுக்கு ஆசீர்வாதம் தாங்காது என்றார். சாமியார் சிரித்துக்கொண்டே பலகை வைக்கிற மேடையில் மட்டும் இரண்டு சொட்டுத் தெளித்தார். அந்த ஈரத்தை உடனே துடைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? துரு பிடிக்கும் என்று நான்தான்.

இவ்வளவும் முன்கதை.

என் வள்ளம் வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது. எல்லாரும் பைபர் படகுக்குப் போன பிறகும் நான் அதில்தான் போய்வந்தேன். ஒருமுறை தனுஷ்கோடிக்குத் தெற்கே எஞ்சின் செத்துப்போய், நட்டநடுப் பகலில் நீரோட்டம் எங்களைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. கரை தேங்காய் நார் மாதிரி மெலிந்துகொண்டே போனதைப் பார்த்தபடி மாதாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன். இந்த வள்ளம் எங்களைக் கரை சேர்த்தால், ஒருநாள் இந்த வள்ளமே உன் காலடியில் கிடக்கும் என்றேன். சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. காற்று திரும்புகிற நேரம்தான் அது என்று கூட வந்தவன் சொன்னான். இருக்கட்டும். நான் சொன்னது சொன்னதுதான்.

இந்த வருடம் கோயிலில் மாதா சப்பரத்தின் தட்டு கரையான் அரித்து உட்கார்ந்துவிட்டது. திருவிழாவில் மாதா சிலையை வைத்துத் தோளில் தூக்கிப் போகிற சப்பரம் அது. கமிட்டித் தலைவர் பிளைவுட் வாங்கி அடித்துவிடலாம் என்றார். நான் எழுந்து, என் வள்ளத்துப் பலகையில் தட்டு செய்து தருகிறேன், நேர்ச்சை இருக்கிறது என்றேன். தலைவர் கொஞ்சம் நக்கல் பிடித்த மனிதர். கொடியேற்றத்துக்குள் வந்தால் உன் பலகை, வராவிட்டால் என் பிளைவுட் என்று சொல்லிவிட்டார். மாதாவுக்குக் கொடுத்த வாக்கு பிளைவுட்டோடு போட்டி போடும்படி ஆகிவிட்டது. கொடியேற்றம் அடுத்த வாரம்.

வள்ளத்தைப் பிரித்தேன். மரம் அறுக்கிற சாமில்லுக்குக் கொண்டுபோனால் பழைய படகு மரம் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். ஆணி இருக்கும், ரம்பம் போய்விடும். அது நியாயம்தான். மெஷினுக்கும் அதே பயம் உண்டு. சுழல்கிற கத்தி ஆணியில் பட்டால் கத்தி பல் உடையும், உடைந்த துண்டு எந்தத் திசையில் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் பழைய ஸ்பீக்கர் பெட்டியை உடைத்து அதன் காந்தத்தை எடுத்தேன். ஒவ்வொரு பலகையிலும் அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். எங்கே ஒட்டுகிறதோ அங்கே தோண்டி ஆணியைப் பிடுங்கினேன். துரு ஆணி ஒரு டப்பா நிறைய சேர்ந்தது. பலகையில் அங்கங்கே சின்னச் சின்னக் கீறல்களில் மெழுகு மாதிரி ஏதோ அடைத்திருந்தது. வள்ளம் கட்டிய ஆசாரி அடைத்தது என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். காந்தம் அங்கே ஒட்டவும் இல்லை.

பெயிண்டையும் தாரையும் சுரண்டி, வளைவு இல்லாத பாகமாகப் பார்த்து அறுத்து, அடிப்பக்கத்தைக் கையால் மட்டமாக்கிய பிறகு மெஷினுக்குக் கொடுத்தேன். அடி ஆடுகிற பலகை உள்ளேயும் ஆடும். முதல் பலகைக்கு ஜெபம், பிறகு சுவிட்சு. மெஷின் முழு வேகத்துக்கு வந்த பிறகு பலகையை வாயில் வைத்து ஒதுங்கி நின்றேன். பலகைக்கு நேர் பின்னால் நிற்கக்கூடாது. உருளை சில சமயம் மனசு மாறி வந்த வழியே உதைத்துத் தள்ளும். ஒரே இழைப்பில் நிறைய எடுக்கவும் கூடாது. நகக்கண் அளவு எடுத்து, மறுபடி கொடுத்து, மறுபடி எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, அதற்கு மேல் என் பழைய அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பலகையைத் தாங்கி வாங்கினாள். இழுக்க மாட்டாள், வருகிறபடி வரவிட்டுத் தாங்குவாள்.

மரம் சீவியதும் ஒரு வாசம் கிளம்பியது பாருங்கள். வருடக்கணக்காக மீன் எண்ணெய் பூசிய பலகை. சுருள் சுருளாக விழுந்த சீவல் முழுக்கச் சாளை மீன் நாற்றம். கொஞ்ச நேரத்தில் ஒரு பூனை வாசலில் வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவின் அத்தனை பூனைகளும் சீவல் குவியலைச் சுற்றிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தன, தியானத்தில் இருக்கிற மாதிரி. ஒரு குட்டி மெஷினுக்கு அடியில் போய்ப் படுக்கப் பார்த்தது. அதற்குப் பிறகு வேலைக்கு முன் ஒயரைச் செருகும்போது, ஜெபத்தோடு குனிந்து பூனை பார்ப்பதும் சேர்ந்துகொண்டது.

ஓரத்துப் பலகைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றில் கீறல் எதுவும் இல்லை. மறுநாள் முதல் வேலையாக அடிப்பலகைகளை எடுத்து வைத்ததும் என் வீட்டுக்காரியின் முகம் மாறியது. அதிலேயே நீளமானது, வள்ளத்தின் நடுமுதுகை ஒட்டிக் கிடந்த பலகை. மாதா நிற்கிற இடத்துக்கென்று நான் ஒதுக்கி வைத்தது அதைத்தான். அது எதற்கு, வேறு பலகை போடலாமே என்று ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை. காதுமூடியை மாட்டி, சிலுவை போட்டு, சுவிட்சை அமுக்கினேன்.

மெஷின் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தால் பிடுங்கிய ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏ புள்ள, எதுக்கு ஒயரப் பிடுங்குன?"

"அதுல மாதா இருக்காக."

காதுமூடியால் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று கழற்றினேன். அவள் மறுபடியும் அதையேதான் சொன்னாள். பலகையில் மெழுகு அடைத்த கீறலைக் காட்டினாள்.

"நான் காந்தம் வச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஒட்டலையே."

"மாதா என்ன இரும்பா, ஒட்டுறதுக்கு? அலுமினியம்."

கீறலை உளியால் கிளறினேன். மெழுகு பெயர்ந்தது, கோயில் மெழுகுதிரி மெழுகு. உள்ளே ஓரவாக்கில் சொருகியிருந்தது காசு மாதிரித் தட்டையான சின்னச் சுரூபம், நாம் செபமாலையில் கோத்துப் போடுவோமே, அந்த மாதா சுரூபம். பெயிண்டு அடிக்க வள்ளத்தைக் கவிழ்த்துப் போடுகிற நாட்களில், நான் சாப்பிட வீட்டுக்குள் வந்ததும் அவள் மீன் அரிவாளோடு போய்க் கீறி வைத்துவிட்டு, மெழுகை உருக்கி ஊற்றிவிடுவாளாம். அடுத்த நாள் நான் அதன் மேல் தார் பூசிவிடுவேன். என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது எல்லாம்.

வள்ளத்தில் கீறல் போட்டால் தண்ணீர் ஏறாதா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதனால்தான் சொல்லவில்லை என்றாள். சரி, மொத்தம் எத்தனை என்று கேட்டேன். தெரியாது என்றாள். பயத்தில் வைத்ததாம்.

"எத்தன நாளு பயந்த?"

அவள் ஒயரின் முனையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க கடலுக்குப் போன நாளு பூராத்தான். சுரூபம் கெடச்ச அளவுக்குத்தான் வச்சேன்."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த வள்ளத்தில் அத்தனை வருடமும் கூட வந்தவனைத் தவிர எனக்கு வேறு துணை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தேன். சீவல் தூசி என்று சொல்லித் துணியைக் கட்டிக்கொண்டேன். அவளும் சீவல் தூசி என்றுதான் சொன்னாள். மெஷின் அன்றைக்கு அதுவரை ஓடவே இல்லை.

மச்சானுக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். காந்தம் இரும்பை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும், செம்பும் பித்தளையும் அலுமினியமும் அதற்குச் சொந்தமில்லை என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவரைக்கும் ஒரு பலகையும் மெஷினுக்குப் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். கீறல் இருக்கிற பக்கங்களை வெட்டிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அதுவும் ஆகாது என்றார். பலகை குட்டையானால் முன் உருளை விட்டுவிடும், பின் உருளைக்கு எட்டாது, நடுவில் கத்தியிடம் தனியாக மாட்டிக்கொண்டு துள்ளும்.

மறுநாள் காலையில் அவரே வந்தார். கையில் கறுப்பாக ஒரு தடி. ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் அவருக்குத் தெரிந்தவர் வாசல் காவல் பார்க்கிறார். யாத்திரைக்கு வருகிறவர்களைத் தடவிப் பார்க்க வைத்திருக்கிற தடியாம். எந்த உலோகம் என்றாலும் கீச்சிடும். மத்தியானத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பலகைகளை இரண்டு ஸ்டூலில் கிடத்தினோம். என் வீட்டுக்காரி தடியை வாங்கி, காசியிலிருந்து யாத்திரை வந்தவர்களைச் சோதிக்கிற மாதிரி பலகையின் தலையிலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தாள். கீச். நான் உளியோடு போனேன். ஒரு மாதா. மறுபடி கீச். இன்னொரு மாதா. ஒரு இடத்தில் மாதாவோடு சேர்ந்து குழந்தை இயேசுவும் வந்தார். காணாமல் போனதைக் கண்டெடுத்துக் கொடுக்கிற புனிதரை வேண்டிக்கொண்டு தேடினால், ஒரு கீறலில் அந்தப் புனிதரே கிடந்தார். மச்சான் தேங்காய்ச் சிரட்டையை ஏந்திக்கொண்டு ஒவ்வொன்றையும் மரியாதையாக வாங்கி வைத்தார்.

நடுவில் தடி என் பக்கம் திரும்பியது, என் நெஞ்சிலும் கீச்சிட்டது.

"மாப்ளைக்குள்ளயும் வச்சிருக்கியா தங்கச்சி?" என்றார் மச்சான்.

ஊக்கு. பனியனுக்குள் உத்தரியத்தோடு இருந்த ஊக்கு.

எல்லாப் பலகையும் அடங்கிவிட்டது, அந்த நடுப்பலகை மட்டும் அடங்கவில்லை. அதிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்த பிறகும், நடுவில் ஒரு இடத்தில் தடி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் தோண்டிப் பார்த்தோம். மேலும் தோண்டினால் பலகை ஓட்டையாகிவிடும். அங்கே என்ன வைத்தாய் என்று கேட்டால், அவளுக்கு அங்கே வைத்ததாகவே நினைவில்லை. ஆசாரி அடித்த செப்பாணியாக இருக்கலாம். வள்ளம் கட்டும்போது நல்லநேரம் பார்த்து உள்ளே எதையோ வைத்து மூடுவார்களே, அதுவாகவும் இருக்கலாம்.

மச்சான் தடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "என்னன்னு தெரியாதத மெஷினுக்குக் குடுக்காத மாப்ள. மாதாவா இருந்தாலும் சரி, ஆணியா இருந்தாலும் சரி, கத்திக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அந்தப் பலகையைக் கையால் இழைத்தேன். கை இழைப்புளி எதிலாவது இடித்தால் கை நின்றுவிடும். மெஷின் நிற்காது. தோள்பட்டை பழையபடி கழன்றது. என்னதான் இழைத்தும் அந்த இடத்தை நெருங்கும்போது கை தயங்கியது. பலகை மற்றதைவிடக் கொஞ்சம் கனமாகவே நின்றுவிட்டது. மற்றவை எல்லாம் மெஷினில் போய், கண்ணாடி மாதிரி, ஒரே கனத்தில் வந்தன. கடைசிப் பலகையை வாங்கி வைத்ததும் அந்தப் பக்கம் நின்றவள் கேட்டாள், பத்தும் இருக்கா? கையை விரித்தேன். அவளும் தன் கையை விரித்துக் காட்டினாள். இதுவரை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கோயிலுக்குப் போய்ச் சப்பரத்தில் தட்டைப் பொருத்திவிட்டு, சுரூபங்களை அந்தந்தக் குழியிலேயே மறுபடி பதித்து மெழுகு ஊற்றினோம். இனி அங்கே கத்தி வராது. கடைசியில் ஒரு குழி காலியாக இருந்தது. சிரட்டையும் காலியாக இருந்தது.

சிரட்டையை உதறிப் பார்த்தேன். விழுந்த ஒன்று பலகையோடு மெஷினுக்குள் போயிருந்தால்? வீட்டுக்கு ஓடினேன். ஒயரைப் பிடுங்கி, மேல்மூடியைத் திறந்து, டார்ச் அடித்துக் கத்திகளைப் பார்த்தேன். பல் ஒன்றும் உடையவில்லை. பிறகு சீவல் குவியலில் முட்டி போட்டுத் தேடினேன். பூனைகள் நான் என்னமோ மீன் தேடுகிறேன் என்று கூடவே தேடின. என் வீட்டுக்காரி பின்னாலேயே வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"தேடாதீக. அது மெஷினுக்குள்ள போகல. அதுக்கு வேற வேல வந்துருச்சு."

என்ன வேலை என்று கேட்பதற்குள் கோயிலிலிருந்து ஆள் வந்துவிட்டது. திரும்பிப் போய்க் காலிக் குழியில் மெழுகை மட்டும் ஊற்றி அடைத்தேன்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் கமிட்டித் தலைவர் வந்து தட்டைத் தடவிப் பார்த்தார். குற்றம் சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று தடவினார், கிடைத்தது. நடுப்பலகை மட்டும் ஏன் ஏற்றமாக இருக்கிறது என்று கேட்டார். மாதா நிற்கிற இடம், கொஞ்சம் உசரமாகத்தானே இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். அவர் வாங்கி வைத்திருந்த பிளைவுட், திருவிழாவில் பொங்கல் பானைக்குக் காற்று மறைக்க நின்றது.

திருவிழா அன்று சப்பரம் எங்கள் தெருவுக்குள் வந்தது. முன்னால் சிலுவை, பிறகு மெழுகுதிரி ஏந்திய பெண்கள், பிறகு பூவுக்குள் மாதா. தூக்கி வந்தவர்களில் ஒருவர், ஏலே, மாதா மேல மீன் வாசம் அடிக்குது என்றார். கடலுக்குப் போகிற ஊர் மாதா வேறு எப்படி மணப்பாள் என்று அடுத்தவர் சொன்னார். சப்பரத்துக்குப் பின்னால் மேளம். மேளத்துக்குப் பின்னால், வாலைத் தூக்கிக்கொண்டு, எங்கள் தெருப் பூனைகள். சாமியார் திரும்பிப் பார்த்துவிட்டு, எதுவும் பார்க்காதவர் போல ஜெபத்தைத் தொடர்ந்தார். பெரியபட்டினத்து மச்சான் எங்கள் வாசலில் நின்று, தன் மெஷின் சீவிய பலகை போவதைத் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். நான் முட்டி போட்டேன். முழங்கால் வலித்தது, ஆனாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. சொன்ன வார்த்தை என் கண் முன்னால் நடந்து போனது.

திருவிழா முடிந்து மறுநாள், கதவு வேலை ஒன்று காத்திருந்தது. டவுசரை மாட்டி, ஊக்குக் குத்து வாங்கி, கொட்டகைக்குப் போனேன். குனிந்து பூனை பார்த்தேன். ஒயரைச் செருகக் கையை நீட்டினால், சுவிட்சுப் பெட்டிக்கு மேலே சுவரில் என்னவோ மினுங்கியது.

காணாமல் போன சுரூபம். சுற்றிலும் மெழுகு ஊற்றி ஒட்டியிருந்தாள். கத்திக்கு எட்டாத தூரத்தில், என் கண்ணுக்கு நேராக.

நான் இப்போது கடலுக்குப் போவதில்லை. அவளுக்குப் பயம் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

பலகையை எடுத்து வைக்காமல் நின்றுகொண்டே இருந்தேன் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"என்ன, இன்னும் சத்தத்தக் காணோம்?"

"ஜெபம் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"சரி, சொல்லுங்க. நல்லா சொல்லி முடிச்சிட்டுச் சுவிட்சப் போடுங்க."